ஃபுளோரன்ஸ் பிரைஸ்: மறக்கப்பட்டவரா, மறுக்கப்பட்டவரா?

சென்ற இதழின் கேள்வி-பதில் பகுதியில், மேற்கத்தியச் செவ்வியல் இசையில் பெண் இசையமைப்பாளர்களைப் பற்றிய ஒரு கேள்விக்கு விடை எழுதும்போது, ஃபுளோரன்ஸ் பிரைஸ் என்ற ஆப்பிரிக்க அமெரிக்கரின் பெயரை ஒரே ஒரு வரியில் குறிப்பிட்டிருந்தேன். அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு வாசகர்கள் பலர் எழுதியிருக்கிறார்கள். ஆகவே இந்த இதழின் பக்கங்களை முழுவதுமாக அவருக்கே ஒதுக்கிவிட்டேன்.

கேள்வி: பாழடைந்த ஒரு வீட்டில் இசைத்தாள்கள் குவியலாகக் கிடைத்தன என்றும், அதன் பிறகுதான் ஃபுளோரன்ஸ் பிரைஸ் என்று ஒருவர் இருந்ததே உலகத்துக்குத் தெரியவந்தது என்றும் படித்தேன். இது உண்மையா?

பதில்: முதல் பாதி உண்மை. 2009-ஆம் ஆண்டு, சிகாகோவுக்குத் தெற்கே செயின்ட் ஆன் என்ற சிற்றூரில், நெடுங்காலமாக ஆள் இல்லாமல் கிடந்த ஒரு வீட்டைச் சீரமைக்கச் சென்ற தம்பதியர் உள்ளே நுழைந்து பார்த்தபோது, மரம் ஒன்று விழுந்து கூரையில் ஓட்டை விழுந்திருந்தது. யாரோ புகுந்து பொருள்களைச் சூறையாடியும் இருந்தார்கள். மழைநீர் படாமல் தப்பிய ஒரு மூலையில் கையால் எழுதப்பட்ட இசைத்தாள்களும் கடிதங்களும் கட்டுக்கட்டாக இருந்தன. பல தாள்களில் ஒரே பெயர் திரும்பத் திரும்ப வந்தது. அது ஃபுளோரன்ஸ் பிரைஸ் கோடைக்காலங்களில் தங்கிய வீடு. இரண்டு வயலின் கான்செர்டோக்களும் (தனி வயலினும் இசைக்குழுவும் சேர்ந்து இசைக்கும் படைப்புகள்) நான்காம் சிம்பொனியும் (முழு இசைக்குழுவுக்காகப் பல பகுதிகளாக எழுதப்படும் நெடிய படைப்பு) அந்தக் குவியலில் இருந்தன. அவை இப்போது ஆர்கன்சா பல்கலைக்கழகத்தின் பாதுகாப்பில் உள்ளன.

ஆனால், அதற்கு முன்பு அவரை ஒருவருமே அறிந்திருக்கவில்லை என்பது சரியல்ல. 1933-இலேயே சிகாகோ சிம்பொனி இசைக்குழு அவருடைய படைப்பை மேடையேற்றியது. அவர் மறைந்த பின்னர், 1964-இல் சிகாகோவில் ஒரு தொடக்கப் பள்ளிக்கு அவருடைய பெயர் சூட்டப்பட்டது. 1970-களிலேயே அவருடைய தாள்களின் ஒரு பகுதி ஆர்கன்சா பல்கலைக்கழகத்துக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. ரே லிண்டா பிரவுன் என்ற ஆப்பிரிக்க அமெரிக்க ஆய்வாளர் தம் வாழ்நாளின் பெரும்பகுதியை அவருடைய படைப்புகளுக்காகவே செலவிட்டு, முதல் சிம்பொனியையும் மூன்றாம் சிம்பொனியையும் செப்பம் செய்து 2008-இல் பதிப்பித்தார். அந்த வீட்டின் கதவு திறக்கப்பட்டது அதற்கு மறு ஆண்டுதான். ஆகவே, மறந்துபோன ஒருவரைத் தற்செயலாகக் கண்டெடுத்தார்கள் என்ற கதையில் எனக்கு உடன்பாடு இல்லை. அவர் உயிரோடு இருந்தபோதே பெரிய இசைக்குழுக்களின் கதவுகளைத் தட்டிக்கொண்டே இருந்தார். திறக்காதவர்கள் இருந்தார்கள் என்பதுதான் நடந்த வரலாறு.

கேள்வி: அவருடைய பிறப்பு, குடும்பம், படிப்பு ஆகியவற்றைப் பற்றிச் சொல்லுங்கள்.

பதில்: ஆர்கன்சா மாநிலத்தின் தலைநகரான லிட்டில் ராக்கில் 1887 ஏப்ரல் 9-ஆம் நாள் பிறந்தார். இயற்பெயர் ஃபுளோரன்ஸ் பியாட்ரிஸ் ஸ்மித். தந்தை பல் மருத்துவர்; தாய் இசை ஆசிரியை. தாயிடமே பியானோ கற்று, நான்கு வயதில் பிறர் முன்னிலையில் வாசித்தார். பதினான்கு வயதில் பள்ளிப் படிப்பை முதல் மாணவியாக முடித்துவிட்டு, 1903-இல் பாஸ்டன் நகரின் நியூ இங்கிலாந்து இசைக் கல்லூரியில் சேர்ந்தார். அங்கே ஜார்ஜ் சாட்விக் என்ற புகழ்பெற்ற இசையமைப்பாளரிடம் பாடம் கேட்டு, மூன்றே ஆண்டுகளில் ஆர்கன் (குழாய்களில் காற்றைச் செலுத்தி ஒலிக்கும், தேவாலயங்களில் காணப்படும் பெரிய விசைக்கருவி) வாசிப்பு, பியானோ கற்பித்தல் ஆகிய இரண்டிலும் பட்டயம் பெற்றார்.

இங்கே ஒரு செய்தியைச் சொல்ல வேண்டும். கறுப்பினத்தவரை ஏற்றுக்கொள்ளும் கல்லூரிதான் அது; ஆயினும், நிறத்தை முன்னிட்டு மகளுக்கு எந்தத் தொல்லையும் நேர்ந்துவிடக் கூடாது என்று அஞ்சிய தாய், கல்லூரிப் பதிவேட்டில் அவருடைய சொந்த ஊரை மெக்சிகோவிலுள்ள புவெப்லோ என்று எழுத வைத்தார். பதினாறு வயதுப் பெண் ஒருத்தி, இசை படிப்பதற்காகத் தான் பிறந்த ஊரையே மாற்றிச் சொல்ல வேண்டியிருந்த காலம் அது.

படிப்பை முடித்துத் தென் மாநிலங்களுக்குத் திரும்பி, கறுப்பின மாணவர்களுக்கான கல்வி நிலையங்களில் ஆசிரியராகப் பணியாற்றினார். 1910-இல் அட்லாண்டாவின் கிளார்க் பல்கலைக்கழகத்தில் இசைத்துறைத் தலைவரானார். 1912-இல் தாமஸ் பிரைஸ் என்ற வழக்கறிஞரை மணந்து லிட்டில் ராக்குக்கே திரும்பினார். அவர்களுக்கு இரண்டு மகள்கள். ஒரு மகன் குழந்தைப் பருவத்திலேயே இறந்துவிட்டான். ஆர்கன்சா இசை ஆசிரியர் சங்கத்தில் உறுப்பினராக விண்ணப்பித்தபோது, நிறத்தைக் காரணமாக வைத்து அவரை மறுத்துவிட்டார்கள். அந்த மாநிலத்தில் அவருக்கு நிகரான தகுதி உடையவர்கள் அந்தச் சங்கத்தில் எத்தனை பேர் இருந்திருப்பார்கள் என்று எண்ணிப் பார்க்கும்போது மனம் கசக்கிறது.

கேள்வி: நல்ல வேலை, குடும்பம் எல்லாம் இருந்தும் அவர் ஏன் சொந்த ஊரை விட்டு வெளியேறினார்?

பதில்: உயிருக்கு அஞ்சி. 1927 மே மாதம் ஜான் கார்ட்டர் என்ற கறுப்பினத்தவரை லிட்டில் ராக்கில் ஒரு வெள்ளைக் கும்பல் கொன்று, கறுப்பின மக்களின் கடைகளும் அலுவலகங்களும் நிறைந்த தெருவுக்கு உடலை இழுத்துவந்து எரித்தது. அந்த ஆண்டே பிரைஸ் குடும்பம் சிகாகோவுக்குக் குடிபெயர்ந்தது. தெற்கிலிருந்து வடக்கு நோக்கி இலட்சக்கணக்கான கறுப்பின மக்கள் இடம்பெயர்ந்த காலம் அது. அந்த வெள்ளத்தில் இவர்களும் ஒரு துளி.

கேள்வி: சிகாகோவில் அவருடைய வாழ்க்கை எப்படி இருந்தது? பெரிய இசைக்குழு ஒன்று அவருடைய சிம்பொனியை எடுத்துக்கொண்டது எப்படி?

பதில்: தொடக்கத்தில் மிகவும் கடினமாகவே இருந்தது. பொருளாதார நெருக்கடியும் கணவரின் கொடுமையும் சேர்ந்து 1931-இல் மணவிலக்கில் முடிந்தன. இரண்டு பெண் குழந்தைகளை வைத்துக்கொண்டு, பேசாப் படங்கள் ஓடும் திரையரங்குகளில் ஆர்கன் வாசித்தார். வானொலி விளம்பரங்களுக்குப் புனைபெயரில் பாட்டு எழுதினார். மாணவர்களுக்குப் பியானோ சொல்லிக்கொடுத்தார். சிறிது காலம் எஸ்டெல்லா பாண்ட்ஸ் என்ற தோழியின் வீட்டில் மகள்களோடு தங்கியிருந்தார். கறுப்பின எழுத்தாளர்களும் பாடகர்களும் வந்துபோகும் வீடு அது. அந்த வீட்டுப் பெண்ணான மார்கரெட் பாண்ட்ஸ் இவரிடம் இசை கற்றவர். பிற்காலத்தில் தாமும் பெரிய இசையமைப்பாளராக விளங்கியவர்.

மார்கரெட் பிற்காலத்தில் நினைவுகூர்ந்த ஒரு காட்சி இருக்கிறது. சிகாகோவின் குளிர்கால இரவு. சமையலறையில் ஒரு பெரிய மேசை. மேசை முழுவதும் இசைத்தாள்கள் பரவிக் கிடக்கின்றன. ஏதோ ஒரு போட்டிக்கான கடைசி நாள் நெருங்குகிறது. முழு இசைக்குழுவுக்காக எழுதிய படைப்பிலிருந்து வயலினுக்கு ஒரு தாள், குழலுக்கு ஒரு தாள், எக்காளத்துக்கு ஒரு தாள் என்று ஒவ்வொரு கருவிக்கும் உரிய பகுதியைத் தனித்தனியே கையால் படியெடுத்தாக வேண்டும். நேரம் போதாதபோது, சிகாகோவில் இசைக்குறிப்பு எழுதத் தெரிந்த கறுப்பின இசைக்கலைஞர்கள் அனைவரும் ஓடிவந்து உடன் உட்கார்ந்து எழுதிக்கொடுப்பார்களாம். பிரைஸைத் தன்னந்தனியாகப் போராடிய பெண்ணாகக் காட்டுபவர்கள் இந்த மேசையை மறந்துவிடுகிறார்கள்.

1931 ஜனவரியில் அவருடைய கால் எலும்பு முறிந்தது. எழுந்து நடமாட முடியாமல் கிடந்த அந்த நாள்களில்தான் இடையூறு இல்லாமல் எழுத முடிந்தது என்றும், மறுபடியும் கால் முறியும் நல்வாய்ப்பு எப்போது கிடைக்குமோ என்றும் தோழி ஒருவருக்குக் கடிதம் எழுதினார். அப்படித் தொடங்கப்பட்டதுதான் இ மைனர் என்ற ஸ்வர வரிசையில் அமைந்த முதல் சிம்பொனி. கறுப்பின இசையமைப்பாளர்களுக்காக நடத்தப்பட்ட வானமேக்கர் போட்டியில், 1932-ஆம் ஆண்டு, அந்தச் சிம்பொனி 500 டாலர் முதல் பரிசையும், அவருடைய பியானோ சொனாட்டா 250 டாலர் பரிசையும் வென்றன. பாடல் பிரிவில் பரிசு பெற்றவர் மாணவி மார்கரெட்.

சிகாகோ சிம்பொனி இசைக்குழுவின் நடத்துநர் ஃபிரெடெரிக் ஸ்டாக் இந்தச் சிம்பொனியைத் தேர்ந்தெடுத்து, 1933 ஜூன் 15-ஆம் நாள், உலகப் பொருட்காட்சியையொட்டி நடந்த நிகழ்ச்சியில் மேடையேற்றினார். ஆப்பிரிக்க அமெரிக்கப் பெண் ஒருவர் இயற்றிய சிம்பொனியை அமெரிக்காவின் பெரும் இசைக்குழு ஒன்று வாசித்தது அதுவே முதல் முறை. அந்தப் பெருமையில் ஸ்டாக்குக்கு உள்ள பங்கை மறுக்க முடியாது. ஆனால், நிகழ்ச்சியின் செலவை ஏற்றுக்கொள்ள முன்வந்தவர் மாட் ராபர்ட்ஸ் ஜார்ஜ் என்ற கறுப்பினப் பெண்மணி. 'சிகாகோ டிஃபெண்டர்' இதழின் இசை விமர்சகர். அவருடைய பெயரும் சேர்த்தே சொல்லப்பட வேண்டும். குறையற்ற படைப்பு என்றும், இசைக்குழுக்கள் வழக்கமாக வாசிக்கும் படைப்புகளின் வரிசையில் இடம்பெறத் தகுதி உடையது என்றும் சிகாகோ நாளிதழ் ஒன்றின் விமர்சகர் எழுதினார். அந்த வரிசையில் இடம் கிடைக்க ஏறத்தாழ எண்பத்தைந்து ஆண்டுகள் ஆயின.

கேள்வி: முதன்முதலில் சிம்பொனி எழுதிய கறுப்பினத்தவர் பிரைஸ்தானா?

பதில்: இல்லை, பெண்களில்தான் அவருக்கு அந்த முதலிடம். வில்லியம் கிராண்ட் ஸ்டில் இயற்றிய 'ஆஃப்ரோ-அமெரிக்கன் சிம்பொனி' 1931-இலேயே ரோச்சஸ்டரில் அரங்கேறிவிட்டது. ஸ்டில் வளர்ந்ததும் அதே லிட்டில் ராக்கில்தான். அவரும் சாட்விக்கிடம் பயின்றவர்தான். மூன்றாமவரான வில்லியம் டாசனின் சிம்பொனி 1934-இல் ஃபிலடெல்ஃபியா இசைக்குழுவால் வாசிக்கப்பட்டது.

கேள்வி: அவருடைய முதல் சிம்பொனியைக் கேட்டேன். டிவோர்ஷாக்கின் 'புதிய உலகம்' சிம்பொனியின் சாயல் அதிகமாகத் தெரிகிறது. இதை எப்படி மூலப் படைப்பு என்று சொல்ல முடியும்?

பதில்: உங்கள் செவி தேர்ந்த செவி. இரண்டும் இ மைனர். இரண்டிலும் ஐந்து ஸ்வரங்களுக்குள் நடமாடும் மெட்டுகள் உண்டு. ஆனால், யார் யாரிடமிருந்து பெற்றார்கள் என்பதைச் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும். டிவோர்ஷாக் செக் நாட்டவர். நியூயார்க்கில் இசைக் கல்லூரியின் தலைவராக இருந்தபோது, கறுப்பின மக்களின் பக்திப் பாடல்களைக் கேட்டு வியந்து, அமெரிக்காவின் வருங்கால இசை இந்த மெட்டுகளின் மீதுதான் எழுப்பப்பட வேண்டும் என்று 1893-இல் அறிவித்தார். 'புதிய உலகம்' அந்த ஆண்டுதான் அரங்கேறியது. அப்படியானால், டிவோர்ஷாக் எந்த ஊற்றிலிருந்து முகந்தாரோ, அந்த ஊற்றின் கரையிலேயே பிறந்து வளர்ந்தவர் பிரைஸ். சிம்பொனி என்ற வடிவத்தை அவர் டிவோர்ஷாக்கிடமிருந்து கற்றுக்கொண்டார் என்று சொல்லுங்கள், ஒப்புக்கொள்கிறேன். அதன் உள்ளடக்கத்தையும் அங்கிருந்தே பெற்றார் என்றால் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

இரண்டாம் பகுதியைக் கவனியுங்கள். வயலின்களை ஒதுக்கிவைத்துவிட்டு, பித்தளைக் காற்றுக் கருவிகள் மட்டும் சேர்ந்து தேவாலயத் துதிப்பாடலைப் போல ஒரு மெட்டை மெதுவாக இசைக்கின்றன. அந்தப் பாடலின் வரிகளுக்கு இடையே ஆப்பிரிக்க முரசுகள் தாழ்ந்த குரலில் ஒலிக்கின்றன. தேவாலயத்தில் ஒருவர் முன்மொழிய, சபை முழுவதும் பின்மொழியும் பழக்கம் அங்கே இசைக்குழுவுக்குள் வந்துவிடுகிறது. முடிவில் ஆலயமணிகள் ஒலிக்க, அவற்றின் மேல் கிளாரினெட் ஓடி விளையாடுகிறது. ஆர்கன் வாசித்த கையல்லவா! மூச்சு விடும் இடைவெளியைக்கூட அளந்து எழுதியிருக்கிறார்.

மூன்றாம் பகுதியின் தலைப்பு 'ஜூபா நடனம்'. அடிமைகளாக இருந்த மக்கள், கையைத் தட்டியும் தொடையிலும் மார்பிலும் அறைந்தும் காலால் தரையை உதைத்தும் தங்கள் உடலையே தாளக்கருவியாக்கி ஆடிய ஆட்டம் ஜூபா. 1739-இல் தெற்குக் கரோலினாவில் அடிமைகள் முரசு கொட்டிக் கிளர்ந்தெழுந்ததால், மறு ஆண்டே அங்கே முரசுகளைச் சட்டம் தடை செய்தது. முரசைப் பறித்தவர்களால் தாளத்தைப் பறிக்க முடியவில்லை. மேற்கத்தியச் சிம்பொனியில் மூன்றாம் பகுதி வழக்கமாக ஸ்கெர்ட்சோ என்ற துள்ளல் பகுதிக்கு உரியது. அதற்கு முற்காலத்தில் பிரபுக்களின் மாளிகை நடனமான மினியூயெட் அந்த இடத்தில் இருந்தது. அந்த இடத்தில் தோட்டங்களில் உழைத்த அடிமைகளின் ஆட்டத்தை பிரைஸ் உட்கார வைத்தார். நான்கு சிம்பொனிகளிலும் ஜூபாவுக்கு அவர் இடம் ஒதுக்கியதாகத் திட்டமாகச் சொல்வதற்கில்லை, ஏனெனில் இரண்டாம் சிம்பொனி முழுமையாகக் கிடைக்கவில்லை; கிடைத்துள்ள மூன்றிலும் அது இருக்கிறது.

கேள்வி: பாஸ்டன் இசைக்குழுவின் நடத்துநருக்கு அவர் எழுதிய கடிதத்தைப் பற்றிக் கூறவும்.

பதில்: செர்ஜ் கூசெவிட்ஸ்கி அந்நாளில் புதிய அமெரிக்க இசைக்குப் பெரும் ஆதரவாளர் என்று பெயர் பெற்றவர். அவருக்கு பிரைஸ் ஒருமுறை அல்ல, பலமுறை எழுதினார். 1943 ஜூலை 5-ஆம் நாள் எழுதிய கடிதம்தான் இன்று பரவலாக எடுத்துக்காட்டப்படுகிறது. "முதலில், எனக்கு இரண்டு தடைகள் உள்ளன: பாலினம், இனம். நான் ஒரு பெண்; என் நரம்புகளில் கறுப்பினக் குருதியும் சிறிது ஓடுகிறது" என்று அது தொடங்குகிறது. பெண் எழுதிய இசையில் உணர்ச்சி மிகுந்திருக்கும், சிந்தனை குறைந்திருக்கும் என்ற எண்ணத்தை என் இசையைப் பார்க்கும் வரையிலாவது ஒத்திவையுங்கள் என்று கேட்டுக்கொள்கிறார். இனத்தை முன்னிட்டு எனக்கு எந்தச் சலுகையும் வேண்டாம், தகுதியை மட்டும் வைத்து எடைபோட்டால் போதும் என்கிறார்.

இந்தக் கடிதத்தை மன்றாட்டு என்று சிலர் எழுதுகிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. எதிரில் இருப்பவர் மனத்துக்குள் வைத்திருக்கும் காரணத்தை அவர் வாயைத் திறப்பதற்கு முன்பே எடுத்து மேசை மீது வைத்துவிடும் துணிவு அதில் இருக்கிறது. பத்து ஆண்டுகளுக்கு முன்பே சிகாகோவில் மேடையேறியவர் அவர். அவருடைய மூன்றாம் சிம்பொனி 1940 நவம்பரில் டெட்ராய்டில் அரங்கேறியபோது ஒத்திகையைக் கேட்ட குடியரசுத் தலைவரின் துணைவியார் எலினோர் ரூஸ்வெல்ட், தம் நாளிதழ்ப் பத்தியில் அதைப் பாராட்டி எழுதியிருந்தார். தகுதிக்கு இதைவிட என்ன சான்று வேண்டும்? கூசெவிட்ஸ்கியின் இசைக்குழு அவருடைய படைப்பு எதையும் வாசிக்கவில்லை. பாஸ்டன், அவர் இசை பயின்ற நகரம்.

கேள்வி: அவருடைய பாடல்களை யாராவது பெரிய பாடகர்கள் பாடியிருக்கிறார்களா?

பதில்: மேரியன் ஆண்டர்சன் பாடியிருக்கிறார். நிறத்தைக் காரணம் காட்டி வாஷிங்டனின் பெரிய அரங்கம் ஒன்று ஆண்டர்சனுக்கு மறுக்கப்பட்டதால், லிங்கன் நினைவகத்தின் படிகளில் நின்று 75,000 மக்கள் முன்னிலையில் அவர் பாடிய நிகழ்ச்சி உலகம் அறிந்தது. 'என் ஆன்மா ஆண்டவரிடம் நங்கூரமிட்டிருக்கிறது' என்ற பொருள்படும் பழைய பக்திப் பாடலுக்கு பிரைஸ் அமைத்த இசை வடிவத்தை அன்றைய நிரலின் முடிவில் வைத்திருந்தார் ஆண்டர்சன். அந்த நாள் 1939 ஏப்ரல் 9. பிரைஸின் ஐம்பத்திரண்டாம் பிறந்த நாள்.

கேள்வி: அவருடைய இறுதிக் காலம் எப்படிக் கழிந்தது? இன்று அவருடைய இசைக்கு என்ன நிலை?

பதில்: கடைசி வரை எழுதிக்கொண்டே இருந்தார். இங்கிலாந்தின் ஹாலே இசைக்குழுவை நடத்திவந்த ஜான் பார்பிரோலி, கறுப்பினப் பக்திப் பாடல்களின் அடிப்படையில் ஒரு படைப்பை இயற்றித் தரும்படி கேட்டார். எழுதிக்கொடுத்தும், உடல்நலக் குறைவால் பயணம் செய்ய இயலவில்லை. இரண்டாம் வயலின் கான்செர்டோவை 1952-இல் முடித்தார். 1953 ஜூன் 3-ஆம் நாள் சிகாகோவில் பக்கவாதத்தால் காலமானார். சுமார் 300 படைப்புகளை விட்டுச் சென்றார். அவற்றில் பெரும்பாலானவை அப்போது அச்சேறாதவை. அச்சேறாத இசையை வேறோர் ஊரின் இசைக்குழு எப்படி வாசிக்கும்? மேடை கிடைக்காததால் பதிப்பாளர் வரவில்லை. பதிப்பு இல்லாததால் மேடை கிடைக்கவில்லை. இந்தச் சுழலில்தான் அவருடைய பெயர் அறுபது ஆண்டுகள் அகப்பட்டுக்கொண்டது.

2018-இல் ஷெர்மர் பதிப்பகம் அவருடைய படைப்புகள் முழுவதற்கும் வெளியீட்டு உரிமையைப் பெற்றது. அவ்வாண்டே நான்காம் சிம்பொனி ஆர்கன்சாவின் ஃபோர்ட் ஸ்மித் இசைக்குழுவால் முதன்முறையாக வாசிக்கப்பட்டது. ஃபிலடெல்ஃபியா இசைக்குழு யானிக் நேசெ-செகானின் தலைமையில் பதிவு செய்த முதல், மூன்றாம் சிம்பொனிகள் 2022-இல் கிராமி விருது பெற்றன.

கேள்வி: மேற்கத்திய இசையில் எனக்குப் பயிற்சி இல்லை. பிரைஸின் இசையில் எதிலிருந்து தொடங்கலாம்?

பதில்: சிம்பொனியிலிருந்து தொடங்க வேண்டாம். 1951-இல் ஆர்கனுக்காக அவர் எழுதிய 'அடரேஷன்' என்ற சிறு படைப்பு மூன்று, நான்கு நிமிடங்களில் முடிந்துவிடும். வயலினுக்கு மாற்றி அமைக்கப்பட்ட வடிவங்களும் கிடைக்கின்றன. ஒரே மெட்டு, அவசரம் இல்லாமல் ஏறி, சற்றே தயங்கி, இறங்கிவிடும். அடுத்து முதல் சிம்பொனியின் ஜூபா பகுதியை மட்டும் தனியாகக் கேளுங்கள். அதன் பிறகு, மார்கரெட் பாண்ட்ஸுக்குக் காணிக்கையாக்கப்பட்ட 'ஃபான்டஸி நேக்ர்' என்ற பியானோ படைப்பு. பழைய பக்திப் பாடல் ஒன்று அதில் இடைவிடாமல் உருமாறிக்கொண்டே போகும். இவை பழகிய பின் மூன்றாம் சிம்பொனிக்கு வாருங்கள். என் கணிப்பில் அவருடைய படைப்புகளில் தலைசிறந்தது அதுதான்; முதல் சிம்பொனியில் பக்திப் பாடலின் முகம் நேராகத் தெரியும், மூன்றாவதில் அது இசையின் எலும்புக்குள் போய்விட்டிருக்கும். இரவில், வேறு ஓசை இல்லாதபோது, அதன் இரண்டாம் பகுதியைக் கேட்டுவிட்டு எழுதுங்கள்.